மிரர் டிஸ்க்: முதல் டிஸ்க் செத்த காலையில் எந்த வழி கணினியை ஏற்றும்?

கடை திறக்கிற நேரம். பில் போடும் கணினி ஏறவில்லை. கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று ஒரே ஒரு வரி. பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கின்றன, இரண்டும் மிரர்: ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே எழுதப்படும். செத்தது ஒன்றுதான். மற்றதில் கணக்கு முழுவதும் ஓர் எழுத்துக் குறையாமல் கிடக்கிறது. ஆனாலும் கணினி ஏறாது. கணினியை எழுப்பும் அந்தச் சின்னப் பகுதி முதல் டிஸ்கில் மட்டும்தான் போடப்பட்டிருந்தது. தரவு மிரர் ஆனது, பூட் மிரர் ஆகவில்லை.

இந்தப் பிழை டிஸ்க் சாகும் நாளில் நடப்பதில்லை. இயங்குதளம் போட்ட அன்றே நடந்து, இரண்டு மூன்று வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறது. அதனால்தான் இங்கே வழிகளை ஒப்பிடும்போது எது போட இலகு, எது வேகம் என்று தொடங்காமல், முதல் டிஸ்க் செத்த காலையில் எது என்ன செய்யும் என்பதை வைத்தே எடை போடுகிறோம்.

திருகோணமலையில் இந்தக் கேள்விக்குக் கனம் கூட. சரியான அளவு டிஸ்கோ, டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அதே வகை ரெயிட் கார்டோ ஊரில் கையிருப்பில் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், வீதிவழியே ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பம்பலப்பிட்டியில் இன்று சொல்லி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் நாளை கையில் கிடைக்கும். சனி பின்னேரம் செத்தால் திங்கள், செவ்வாய் ஆகிவிடும். அத்தனை நாளும் மீந்திருக்கும் ஒற்றை டிஸ்கில்தான் வேலை ஓட வேண்டும்.

டிஸ்க் வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டியவை

எஸ்.எஸ்.டி.யில் 480, 500, 512 ஜி.பி. என்று மூன்று அளவு கடைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெரியதை வாங்கத்தான் மனம் சொல்லும், வாங்குங்கள். ஆனால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். கணினி எண்ணும் 1024 கணக்கில் பார்த்தால் 480 என்பது ஏறக்குறைய 447, 500 என்பது 465, 512 என்பது 476. இரண்டு 512 டிஸ்கை முழுக்க மிரர் போட்டுவிட்டு, பிறகு ஒன்று செத்த நாளில் ஊரில் கிடைக்கிற 480-ஐச் சொருகினால் மிரர் அதை ஏற்காது; புது டிஸ்க் சிறியது என்று மறுத்துவிடும். எந்த அளவு வாங்கினாலும் மிரர் பகுதியை 440-உடன் நிறுத்துங்கள். மிச்சம் வெறுமையாகக் கிடந்தால் நட்டமில்லை, எஸ்.எஸ்.டி.க்கு அந்த வெற்றிடம் தேய்மானத்தையும் குறைக்கும். ஒரு டி.பி. வகையிலும் 960, 1000, 1024 என்று இதே விவகாரம்தான்.

இரண்டு டிஸ்கையும் ஒரே கம்பனியில், ஒரே பெட்டியில், அடுத்தடுத்த சீரியல் இலக்கத்தில் வாங்குவது சரியில்லை. மிரரில் இரண்டுக்கும் ஒரே வேலை, ஒரே சூடு, ஒரே மணித்தியாலம். தயாரிப்பில் ஒரு குறை இருந்தால் அது இரண்டிலும் இருக்கும்; முதலாவது செத்து, இரண்டாவதிலிருந்து எல்லாவற்றையும் வாசித்துப் புது டிஸ்கை நிரப்பும் அந்தக் கடும் வேலையின் நடுவில் இரண்டாவதும் விழலாம். இரண்டு கம்பனி எடுங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் போடுகிறவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைக் கண்டால் இரண்டு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயன்று கொண்டிருக்கும். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும். அதற்குப் பிறகு டிஸ்கை மீட்டமைக்கப் போய், நல்ல டிஸ்கையே மிரரை விட்டு வெளியே தள்ளிவிடக்கூடும். டிஸ்கின் நலம் பார்க்கும் லினக்ஸ் கருவியான ஸ்மார்ட்சிடிஎல் மூலம் பிழைமீட்பு நேரத்தை 7 விநாடியாக்க டிஸ்க் விட்டுக்கொடுக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் மின் நிறுத்தி எழுப்பும்போது அது மறந்துபோகும், ஆகவே ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி வையுங்கள். டிஸ்க் மறுத்தால் லினக்ஸ் பக்கத்துப் பொறுமையை 180 விநாடிக்கு உயர்த்துங்கள். நாஸ் பெட்டிகளுக்கென்று விற்கும் டிஸ்குகளில் இந்த வசதி வழக்கமாக இருக்கும்.

அடுத்தது உப்புக்காற்று. உள்துறைமுக வீதி, உப்புவெளி, நிலாவெளி மாதிரிக் கடலோரக் கட்டடங்களில், டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயரின் தொடுமுனை மெல்ல மங்கும். மாரியில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். மிரர் ஒரு டிஸ்கை வெளியே தள்ளியவுடன் டிஸ்க் செத்தது என்று முடிவு கட்டிக் கொழும்புக்குச் சொல்லிவிடாதீர்கள். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 199ஆம் இலக்க வரியைப் பாருங்கள், அது வயரில் வரும் பிழைகளின் எண்ணிக்கை. அது கூடிக்கொண்டே போக, கெட்ட செக்டரைக் காட்டும் 5-உம் 197-உம் பூச்சியமாகவே இருந்தால் குற்றம் வயரில், டிஸ்கில் அல்ல. புது வயர் மாற்றி மறுபடி சேர்த்தால் போதும்.

மதர்போர்டில் உள்ள ரெயிட்

விண்டோஸ் கணினிக்குப் பலர் முதலில் கை வைப்பது இதில்தான். கணினி எழும்போது முதலில் ஓடும் பயோஸில் சாட்டா முறையை ரெயிட் என்று மாற்றி, புதிய இன்டெல் போர்டானால் அங்கேயே வி.எம்.டி. என்ற அமைப்பை இயக்கி, இரண்டு டிஸ்கையும் ரெயிட் 1 ஆக, அதாவது மிரராக, சேர்த்தால், அதற்குப் பிறகு விண்டோஸுக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும். இன்ஸ்டாலருக்கு டிரைவர் கொடுக்க வேண்டும். டிரைவரைச் சுருக்கிய கோப்பாக அப்படியே வைத்தால் அதற்கு விளங்காது. விரித்த கோப்புறையாகப் பென் ட்ரைவில் வைத்து, டிஸ்க் தெரியும் திரையில் லோட் டிரைவர் அழுத்திக் காட்டுங்கள். ஏ.எம்.டி. போர்டுகளில் டிரைவர் ஒன்றல்ல, பல. சொன்ன வரிசையில் கொடுத்தால்தான் டிஸ்க் தெரியும்.

இதன் பெரிய பலம், பூட் பகுதியும் சேர்ந்தே மிரர் ஆகிவிடுவது. கணினியின் ஃபேம்வெயரே (பயோஸே) மிரரைப் புரிந்துகொள்வதால், முதல் டிஸ்க் செத்த காலையில் ஒன்றும் செய்யாமலே விண்டோஸ் ஏறும். முதல் பந்தியில் சொன்ன பிழைக்கு இங்கே இடமில்லை.

பலவீனம் ஒரு பட்டரியில் இருக்கிறது. மதர்போர்டில் நாணயம்போல் உட்கார்ந்திருக்கும் சி.ஆர்.2032. கணினி மின்னோடு இணைந்திருக்கும்வரை இந்தப் பட்டரிக்கு அதிக வேலை இல்லை. ஆனால் நம் கடைகளில் இரவில் மெயினையே நிறுத்திவிட்டுத்தான் கதவை இழுத்து மூடுகிறோம். இடி மின்னல் காலத்தில் பிளக்கையும் கழற்றிவிடுகிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நேரம் முழுவதும் பயோஸின் நினைவு இந்தப் பட்டரியில் மட்டும் நிற்கிறது, அது கெதியாகத் தீரும். தீர்ந்த அன்று பயோஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, சாட்டா முறை டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏ.எச்.சி.ஐ. ஆகிவிடும். விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். அப்படி நிற்காமல் ஒரு டிஸ்கிலிருந்து மட்டும் ஏறிவிட்டால், அன்றைய கணக்கு அந்த டிஸ்கில் மட்டும் எழுதப்படும். யாராவது பிறகு பயோஸை ரெயிடுக்குத் திருப்பும்போது, எந்தப் பக்கம் புதியது என்று தெரியாமல் பழையது புதியதன் மேல் எழுதப்படும் ஆபத்து உண்டு. இந்த வழியில் போகிறவர்கள் பட்டரியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பயோஸின் ரெயிட் பக்கத்தைப் படம் எடுத்து அச்சடித்துப் பெட்டிக்கு உட்பக்கம் ஒட்டுங்கள். பயோஸ் புதுப்பிப்பும் இதே அமைப்பை அழிக்கக்கூடும். புதுப்பித்தவுடன் விண்டோஸை ஏறவிடாமல் நேரே பயோஸுக்குப் போய்ப் பாருங்கள்.

இன்டெல்லின் மேலாண்மைச் செயலியைப் போட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஒரு டிஸ்க் செத்ததை விண்டோஸ் உங்களிடம் சொல்லாது. இரண்டாவதும் செத்த பிறகுதான் தெரியவரும். லினக்ஸ் போடப்போகிறீர்கள் என்றால் இந்த வழியே வேண்டாம், அதற்கு இதைவிட நல்லது இருக்கிறது.

விண்டோஸின் சொந்த மிரர்

இதில் இரண்டு இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள்.

பழையது டைனமிக் டிஸ்க். விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோமில் இல்லை. மைக்ரோசொஃப்ட் டைனமிக் டிஸ்கைக் கைவிட்டுவிட்டது. இயங்குதளம் இருக்கும் பகுதியை மிரர் செய்வதற்கு மட்டும் விட்டு வைத்திருக்கிறது. விண்டோஸ் போட்ட பிறகு, டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யின் மேல் வலது கிளிக் செய்து ஆட் மிரர் கொடுத்தால் சி மிரர் ஆகும். சி மட்டும்தான். யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய வகை பயோஸ் உள்ள கணினியில் சி-க்கு முன்னால் பூட் கோப்புகளுக்கான ஒரு சின்ன ஈ.எஃப்.ஐ. பகுதி இருக்கிறது, 100 எம்.பி. அளவு. அது மிரர் ஆகாது. இரண்டாவது டிஸ்கிலும் அதே மாதிரிப் பகுதியை டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளையில் கையால் உண்டாக்கி, உள்ளடக்கத்தை நகலெடுத்து, பூட் பதிவையும் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் முதல் பந்திக் காலைதான். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லொக்கரும் டைனமிக் டிஸ்கோடு ஒத்துவராது. இந்த வழியைப் புதிதாக ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

புதியது ஸ்டோரேஜ் ஸ்பேசஸ். ஹோமிலும் உண்டு, கன்ட்ரோல் பனலில் போய் டூ-வே மிரர் தெரிவு செய்தால் முடிந்தது. சேர்க்கும் டிஸ்குகள் முழுக்க அழியும், ஆகவே வெறும் டிஸ்க் கொடுங்கள். கணினி செத்தால் இரண்டு டிஸ்கையும் இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டலாம், அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் சாதாரண விண்டோஸை இதன்மேல் போட முடியாது. இது தரவுக்கு மட்டும்.

அதனால் கடைகளுக்கு எங்கள் எண்ணம் இது: விண்டோஸை மிரர் செய்ய முயல வேண்டாம். சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றில் விண்டோஸும் பில் செயலியும், வேறு இரண்டு டிஸ்கில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் மிரராகக் கணக்குத் தரவு. எல்லாம் போட்டு, பிரின்டரும் பார்கோட் வாசிப்பானும் வேலை செய்கிறது என்று பார்த்த அன்றே, அந்தச் சின்ன எஸ்.எஸ்.டி.யின் முழு நகலை இன்னொரு எஸ்.எஸ்.டி.யில் எடுத்து, ஈரம் உறிஞ்சும் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். செத்த காலையில் கழற்றி மாட்டப் பதினைந்து நிமிடம். இது மிரர் இல்லைத்தான். ஆனால் பயோஸ் பட்டரிக்கும் டிரைவருக்கும் கட்டுப்படாத வழி. திருகாணி பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வழி. பில் செயலியின் தரவுத்தளம் சி-யிலேயே இருந்தால் இந்த ஏற்பாட்டில் ஒரு பயனும் இல்லை, ஆகவே தரவுக் கோப்புறையை மிரர் பக்கம் மாற்றிவிட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரெயிட் கார்ட்

பழைய சேர்வர் பெட்டிகளோடு வரும் கார்டுகள் நன்றாகவே வேலை செய்யும். பூட்டும் தரவும் இரண்டும் மிரர் ஆகும், எந்த இயங்குதளமும் போடலாம், டிஸ்க் செத்தால் முன்பக்க விளக்கே காட்டிக்கொடுக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். கார்ட் செத்தால்தான் சிக்கல். அதே குடும்பக் கார்ட் இல்லாமல் டிஸ்குகளைத் திறப்பது பெரும் பாடு. உதிரியாக இன்னொரு கார்டை முன்கூட்டியே வாங்கி அலுமாரியில் வைக்க முடியுமானால் மட்டும் இந்த வழி. கார்டில் உள்ள பட்டரியும் வயதாகும். அது இறங்கிய பிறகும் எழுதப்போவதைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் கேஷை வலுக்கட்டாயமாக இயக்கி வைத்தால், கரண்ட் போன ஒரு கணத்தில் கடைசியாக எழுதியது இரண்டு டிஸ்கிலும் இருக்காது.

லினக்ஸின் எம்.டி. மிரர்

ஓர் அலுவலகக் கோப்புச் சேர்வர், ரியூஷன் வகுப்பு வீடியோக்களை வைத்திருக்கும் கணினி, விடுதி ஒன்றின் பதிவேடு என்றால் முதல் தெரிவு இதுதான். எம்.டி. என்பது லினக்ஸுக்குள்ளேயே வரும் மென்பொருள் மிரர். கார்ட் வேண்டாம், பயோஸில் எதையும் மாற்ற வேண்டாம், சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. ஆகவே இருக்கட்டும். மதர்போர்ட் எரிந்தால் இரண்டு டிஸ்கையும், அல்லது ஒன்றை மட்டும்கூட, வேறு எந்தக் கணினியிலும் மாட்டி லைவ் லினக்ஸ் பென் ட்ரைவால் திறக்கலாம். திருகோணமலையில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை: எந்தக் குறிப்பிட்ட உதிரிப்பாகத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

உபுண்டு மேசைப் பதிப்பின் இன்ஸ்டாலரில் இது கிடையாது. சேர்வர் பதிப்பு எடுங்கள். 24.04-இல் வேலை இப்படிப் போகும். பென் ட்ரைவை யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் ஏற்றி, ஸ்டோரேஜ் திரையில் கஸ்டம் லேஅவுட் தெரிவு செய்யுங்கள். முதல் டிஸ்கின் மெனுவில் யூஸ் ஆஸ் பூட் டிவைஸ் கொடுங்கள். இப்போது இரண்டாவது டிஸ்கின் மெனுவைத் திறந்து ஆட் ஆஸ் அனதர் பூட் டிவைஸ் கொடுங்கள். இந்த இரண்டாவது அழுத்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. இதை விட்டாலும் இன்ஸ்டாலர் குறை சொல்லாமல் முடிந்துவிடும், எல்லாம் அழகாக ஓடும், முதல் டிஸ்க் செத்த அன்றுதான் விட்டது தெரியும். பிறகு இரண்டு டிஸ்கின் வெற்றிடத்திலும் 440 ஜி.பி. அளவில் ஒவ்வொரு பார்ட்டிஷன், போர்மட் என்ற இடத்தில் லீவ் அன்போர்மட்டட். கீழே கிரியேட் சொப்ட்வெயர் ரெயிட். லெவல் 1, இரண்டு பார்ட்டிஷனுக்கும் டிக். உண்டாகும் எம்டி0-ஐ எக்ஸ்ட்4 ஆக்கி ரூட்டாக மவுன்ட் செய்யுங்கள். நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வொப் கோப்பாக ரூட்டுக்குள்ளேயே இருப்பதால் அதுவும் மிரரில்தான் இருக்கும். தனி ஸ்வொப் பார்ட்டிஷனை ஒரு டிஸ்கில் மட்டும் போடாதீர்கள். அந்த டிஸ்க் போனால் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளும் சேர்ந்து விழும்.

ஏறிய பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி, இதைச் செய்யாதவர்கள் அதிகம். ஏறும்போது எந்தப் பகுதிகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்ஸ்டாப் கோப்பைத் திறந்து பாருங்கள். ஈ.எஃப்.ஐ. பகுதிக்கான வரி முதல் டிஸ்கின் அடையாள இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் டிஸ்க் இல்லாமல் ஏறும்போது லினக்ஸ் அதைத் தேடி 90 விநாடி காத்திருந்து, கிடைக்காமல் அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். பூட் இரண்டு டிஸ்கிலும் இருந்தும், மிரர் சரியாக இருந்தும், இந்த ஒற்றை வரியால் கடை திறக்காது. அந்த வரியின் டிஃபோல்ட்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கமா போட்டு நோஃபெயில் என்று சேர்த்தால் தீர்ந்தது.

டெபியன் போடுகிறவர்களுக்கு இன்ஸ்டாலரில் மிரர் உண்டு, ஆனால் இரண்டு ஈ.எஃப்.ஐ. பகுதியையும் அதுவாகப் பராமரிக்காது. இரண்டு டிஸ்கிலும் பகுதியை உண்டாக்கி, லினக்ஸை எழுப்பும் நிரலான குரப்பைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் முதலாவதை இரண்டாவதற்கு நகலெடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். ஈ.எஃப்.ஐ. பகுதியையே எம்.டி. மிரர் ஆக்கும் உபாயமும் உண்டு, மிரரின் அடையாளக் குறிப்பான மெட்டாடேட்டாவுக்கு 1.0 வகை கொடுத்தால் அது பகுதியின் கடைசியில் எழுதப்படுவதால் ஃபேம்வெயர் ஏமாந்து சாதாரணப் பகுதியென்றே வாசிக்கும். வழமையான 1.2 பகுதியின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் எழுதுவதால் வாசிக்காது. ஆனால் ஃபேம்வெயர் அந்தப் பகுதிக்குள் எதையாவது எழுதினால் ஒரு டிஸ்கில் மட்டும்தான் எழுதும், மிரர் அறியாமலே இரண்டும் வேறுபடும். நகலெடுப்பதே எங்கள் தெரிவு.

நிலைமையைப் பார்க்க ப்ரொக் அடைவிலுள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் போதும். சதுர அடைப்புக்குள் இரண்டு யூ எழுத்து நின்றால் இரண்டு டிஸ்கும் நலம். ஒரு யூ-வுக்குப் பதில் கீழ்க்கோடு நின்றால் அந்த இடத்து டிஸ்க் வெளியே. ஆனால் இதை யாரும் நாள்தோறும் திறந்து பார்க்கப்போவதில்லை. மின்னஞ்சல் அனுப்ப ஏற்பாடு இருந்தால், எம்.டி.யை நிர்வகிக்கும் கருவியான எம்டிஆட்மின் அமைப்புக் கோப்பில் முகவரி கொடுங்கள். இல்லாவிட்டால் அதே கோப்பில் ப்ரோக்ராம் என்ற வரியில் ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்து, டிஸ்க் விழும்போது கைப்பேசிக்கு டெலிகிராம் செய்தி வரச் செய்யலாம்.

கரண்ட் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு மாட்டியதில் நாடு முழுக்க இருண்டது. எழுதும் நடுவில் கரண்ட் போனால் ஒரு டிஸ்கில் எழுதியது மற்றதில் இருக்காது, ஏறியவுடன் எம்.டி. ஒன்றிலிருந்து மற்றதற்கு நகலெடுத்துச் சமப்படுத்தும். எங்கெங்கே எழுதிக்கொண்டிருந்தோம் என்று குறித்து வைக்கும் பிட்மாப் இருந்தால் இது ஒருசில நிமிடத்தில் முடியும், இல்லாவிட்டால் முழு டிஸ்கையும் நகலெடுக்கும். 100 ஜி.பி.க்கு மேற்பட்ட மிரருக்கு எம்டிஆட்ம் தானாகவே பிட்மாப் போடும். புது டிஸ்க் சேர்க்கும்போது முழு நகல் தவிர்க்க முடியாதது: விநாடிக்கு 200 எம்.பி. என்ற இயல்பான உச்ச வரம்பில் 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 40 நிமிடம், ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு மூன்று மணித்தியாலம். அதற்குள் கரண்ட் போனால் நல்ல டிஸ்குக்குத்தான் ஆபத்து, ஆகவே யூ.பி.எஸ். கட்டாயம். யூ.எஸ்.பி. துவாரம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் பட்டரி இறங்கும்போது லினக்ஸ் தானாக முறைப்படி நிறுத்திக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை இரண்டு டிஸ்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை முதல் ஞாயிறு ஓடும்படி வருகிறது. மெயின் நிறுத்திவைக்கும் கடையில் அது ஓடாமலே போகலாம். வேலைநாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.

எம்.டி.க்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. இரண்டு டிஸ்கும் பிழை சொல்லாமல் வெவ்வேறு தரவைத் தந்தால், வேறுபாடு இருக்கிறது என்று அதற்குத் தெரியும். எது சரி என்று தெரியாது.

இசட்.எஃப்.எஸ்.

இசட்.எஃப்.எஸ். என்பது மிரரையும் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு கோப்பு முறை. எது சரி என்று தெரிந்துகொள்வது இதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத்தொகை வைத்திருப்பதால், கெட்ட பிரதியைக் கண்டுபிடித்து நல்ல பிரதியிலிருந்து தானே திருத்தும். படங்கள், ஸ்கேன் செய்த உறுதிகள், வருடக்கணக்கில் திறந்து பார்க்கப்படாத ஆவணங்கள் இருக்கும் இடத்துக்கு எம்.டி.யைவிட இதுதான் சரி. நொத்தாரிசு அலுவலகத்தின் பழைய உறுதி ஒன்று பத்து வருடத்துக்குப் பிறகு திறக்காமல் போனால் அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

இயங்குதளத்தோடு சேர்த்துப் போட மிக இலகுவான வழி, ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இயங்குதளமான புரொக்ஸ்மொக்ஸ். டிஸ்க் தெரிவுத் திரையில் ஒப்ஷன்ஸ் அழுத்தி இசட்.எஃப்.எஸ். ரெயிட் 1 எடுங்கள், இரண்டு டிஸ்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் டூ நொட் யூஸ் ஆக்குங்கள். அதே இடத்தில் எச்.டி. சைஸ் என்ற கட்டத்தில் 440 கொடுத்தால் முன்சொன்ன அளவுச் சிக்கலும் தீரும். நினைவகம் குறைந்த கணினியானால் இசட்.எஃப்.எஸ். நினைவகத்தில் பிடிக்கும் ஆர்க் என்ற கேஷின் உச்ச அளவையும் அங்கேயே குறைத்துவிடலாம். பூட் பகுதி இரண்டு டிஸ்கிலும் தானாகவே போடப்படும். முதல் டிஸ்க் செத்த காலையில் ஏறும்.

ஆனால் புது டிஸ்க் மாற்றும் நாளில் கவனம். ஒவ்வொரு டிஸ்கிலும் மூன்று பகுதி: இரண்டாவது ஈ.எஃப்.ஐ., மூன்றாவதுதான் இசட்.எஃப்.எஸ். புது டிஸ்கை முழுதாகத் தூக்கி மிரருக்குக் கொடுத்துவிட்டால் மிரர் நலம் என்று பச்சை காட்டும். பூட் பகுதி இருக்காது. நல்ல டிஸ்கின் பகுதி அமைப்பை முதலில் புதியதற்கு நகலெடுத்து, அடையாள இலக்கங்களைப் புதிதாக்கி, மூன்றாம் பகுதியை மட்டும் மிரருக்குக் கொடுத்து, இரண்டாம் பகுதியைப் புரொக்ஸ்மொக்ஸ் பூட் கருவியால் போர்மட் செய்து பதிய வேண்டும். இந்த நான்கு படியையும் எழுதித் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் எம்.டி.யே பாதுகாப்பு. அதோடு இந்தக் கணினியின் முன் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. இன்னொரு கணினியின் பிரௌசரில் 8006ஆம் போர்ட்டைத் திறந்துதான் எல்லாம். மலிவான எஸ்.எஸ்.டி.யை இது எம்.டி.யைவிடக் கெதியாகத் தேய்க்கும்.

லினக்ஸின் இன்னொரு கோப்பு முறையான பி.டி.ஆர்.எஃப்.எஸ்.ஸும் சரிபார்ப்புத்தொகை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு டிஸ்க் இல்லாவிட்டால் சிறப்பு அனுமதி கொடுத்தாலன்றி மவுன்ட் ஆகாது, அதாவது செத்த காலையில் யாராவது கீபோர்டின் முன் இருக்க வேண்டும். ஆளில்லாத சேர்வருக்கு வேண்டாம்.

எந்த மிரரும் வெள்ளத்துக்கும் வைரஸுக்கும் பதில் இல்லை. தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலும் அதே கணத்தில் அழியும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியது நினைவிருக்கும். மூன்றாவது டிஸ்க் ஒன்றில் கிழமைக்கு ஒரு நகல், கந்தளாயிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

ஒப்படைக்கும் முன் கழற்றிப் பாருங்கள்

எந்த வழியில் போட்டாலும், உண்மைத் தரவு ஏற்றும் முன் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, முதல் டிஸ்கின் சாட்டா வயரை இழுங்கள். எழுப்புங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் திரைவரை தானாக வருகிறதா, எச்சரிக்கைச் செய்தி கைப்பேசிக்கு வந்ததா என்று பாருங்கள். நிறுத்தி வயரைத் திரும்ப மாட்டி, எழுப்பி, டிஸ்கை மிரரில் சேருங்கள், எம்.டி.யில் அநேகமாகக் கையால் சேர்க்க வேண்டிவரும். நகல் முழுதாக முடியும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது டிஸ்கின் வயர். நடுவில் காத்திருக்காமல், முதலில் ஒன்றில் தனியாகவும் உடனே மற்றதில் தனியாகவும் ஏற்றினால் இரண்டும் தனித்தனிக் கதை எழுதத் தொடங்கும். பிறகு சேர்க்கும்போது ஒன்றின் எழுத்து போய்விடும்.

பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் இலக்கத்தின் கடைசி நான்கு இலக்கத்தையும் வெள்ளை ஸ்டிக்கரில் பெரிதாக எழுதி, டிஸ்கின் வெளியே தெரியும் விளிம்பில் ஒட்டுங்கள். இயங்குதளம் செத்த டிஸ்கைச் சீரியல் இலக்கத்தால்தான் சொல்லும். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டி; தொலைபேசியில் "அண்ணா, எதைக் கழட்ட?" என்று கேட்கிறவர் கையில் உயிரோடு இருப்பதும் வரலாம்.